கதவில் மாட்டிய பலகை

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு மாடிப்படியின் கதை சொல்கிறேன். ஜெர்மனியின் டூபிங்கன் ஊரில் சனிக்கிழமைக் காலை. ஜார்ஜியா நாட்டிலிருந்து ஜெர்மன் படிக்க வந்து, ஒரு மாத விருந்தாளியாகத் தங்கியிருக்கும் தமுனா, இடுப்பு பிடித்துக்கொண்ட வீட்டுக்கார ஹேபர்லே அம்மாளுக்காகப் படி துடைக்கிறாள். மாதம் முடிந்தபின் அறை தனக்கு உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. ஈரப் படிகளில் ஜன்னல் வெயில் வழிகிறது. அம்மாள் குனிய முடியாமல் குனிந்து ஒரு மூலையை விரலால் தடவுகிறார். “உங்க ஊர்ல படிக்கு மூலையே கிடையாதாடி?” தமுனா சிரித்துக்கொண்டே மறுபடி துடைக்கிறாள். இந்த வாரம் படி துடைக்கும் முறை எந்த வீட்டாருக்கு என்று சொல்லும் மரப்பலகை, இந்த வீட்டில் விருந்தாளியின் கதவுக்குப் போனதே இல்லை. அம்மாள் அதைத் தன் கதவிலிருந்து கழற்றி, தமுனாவின் கதவில் மாட்டுகிறார். “அடுத்த வாரம் உன் முறை. அப்புறம் மாசம் ஒரு தடவை, படிப்பு முடியுற வரைக்கும்.” பலகை ஆடி ஆடி நிற்கிறது, தமுனாவின் கையில் துணி சொட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டுப் படியிலும் நல்ல காலடிகளே ஏறட்டும்.