ஹெல்மெட்டில் இரண்டு தட்டு

தக்சாயினி ஸ்கூட்டியின் பிடியிலிருந்து இடது கையை எடுத்து, தன் ஹெல்மெட்டின் உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

முன்னால் பொலிஸ் நிற்கிறது, ஹெல்மெட்டைப் போடு என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாதவனுக்கும் தட்டிக்காட்டுவார்கள், வேலிச்சண்டை பிடித்தவனுக்கும் தட்டிக்காட்டுவார்கள். தங்களுக்குள் என்ன இருந்தாலும் பொலிஸ் என்று வந்தால் எல்லோரும் ஒரு கட்சிதான்.

எதிரே வந்துகொண்டிருந்தவர் அவளுடைய அப்பா.

பரமலிங்கம் வழக்கம்போல வெறுந்தலையோடு வந்தார். பின்னால், விற்கிற மீனை ஐஸ் போட்டு வைக்கும் றெஜிபோம் பெட்டி. ஹெல்மெட் ஹாண்டிலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அது அவருடைய தலையில் ஏறுவது பொலிசைக் கண்டால் மட்டும். போட்டால் காது அடைக்கிறது, தலை வேர்க்கிறது, கடலுக்குப் போன காலத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டா போனோம் என்று ஆளிடம் நிறைய நியாயம் இருக்கிறது. கேட்கிறவருக்குத்தான் களைத்துப்போகும்.

வழக்கம்போல முகத்தையும் கடல் பக்கம் திருப்பியிருந்தார்.

இரண்டு வருசமாக இதுதான் நடக்கிறது. குருநகரில் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் எமில்ராஜை அவள் விரும்பிக் கட்டின நாளிலிருந்து அப்பா ஒரு சொல் கதைக்கவில்லை. எமில்ராஜின் படகு மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்பதால் இருவரும் அங்கேயே வாடகைக்குக் குடியிருந்தார்கள். காலையில் அவள் காங்கேசன்துறைக்கு வேலைக்குப் போவாள். அதே நேரம் பார்த்து அப்பா கீரிமலையிலிருந்து மயிலிட்டிக்கு மீன் எடுக்க வருவார். இருக்கிறது ஒரு கரையோர ரோட்டு. ஒருவரையொருவர் தாண்டாமல் பறந்தா போவது?

தாண்டும்போதெல்லாம் அப்பாவுக்குக் கடலில் ஏதோ அவசர அலுவல் இருக்கும்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கோபம் இருக்கிறவர்தானே முகத்தைத் திருப்புவார். ஆனால் போன கிழமை ஒரு செத்தவீட்டில் யாரோ சும்மா இருக்கமாட்டாமல், மகளை ரோட்டில் காணுகிறனீங்களோ என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ரோட்டால் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கத் தான் என்ன பொலிசா என்று அப்பா சொன்னாராம்.

அந்தக் கதை அவளுடைய காதுக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா? அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நாளும் அவர் கோபத்தில் திரும்பவில்லை, உண்மையாகவே கடலைத்தான் பார்த்துக்கொண்டு போனாரா? அவருக்கு அவள் இப்போது ரோட்டால் போகிற யாரோ ஒருத்தியா?

இன்றைக்கும் அப்பா பார்க்காவிட்டால், சுற்றென்றாலும் பரவாயில்லை, நாளையிலிருந்து உள்ரோட்டால் போவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருந்தாள்.

தட்டின கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

அப்பா தாண்டினார். கழுத்து ஒரு விரலளவுகூட அசையவில்லை.

சரி, இவ்வளவுதான் என்று நினைத்தாள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள், மனம் கேட்கவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் சின்னதாகப் போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் இடது சிக்னல் விட்டுவிட்டு எரிந்தது.

அப்பா கடலுக்கு இறங்கும் ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தினார். ஹாண்டிலில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். நாடாவையும் இழுத்துப் பூட்டினார். பிறகு ஒன்றுமறியாத பிள்ளை மாதிரித் திரும்பவும் ரோட்டில் ஏறி, மயிலிட்டிப் பக்கம் போனார்.

பார்த்திருக்கிறார்.

கடலைப் பார்த்த கண்ணாலேயே அவளுடைய கையையும் பார்த்திருக்கிறார். கள்ள மனுசன்! அப்படியென்றால் நேற்றும் பார்த்திருக்கிறார். காய்ச்சலில் கிடந்து அவள் இந்த ரோட்டால் வராத நாட்களில் வெறும் ரோட்டையும் பார்த்திருக்கிறார்.

தக்சாயினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைக்கப் போய், ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்தாள். காங்கேசன்துறை வரைக்கும் ஸ்கூட்டி தன்பாட்டில் ஓடியது போல இருந்தது.

வேலையிடத்து வாசலில் இறங்கும்போது போன் அடித்தது. அம்மா. அப்பாவுக்குத் தெரியாமல், அவர் வீட்டில் படுத்திருக்கும் நேரம் பார்த்துப் பின்வளவுக்குள் நின்று குசுகுசுக்கிறவர். காலையில் எடுத்ததே கிடையாது. இன்றைக்குக் குரலும் குசுகுசுப்பாக இல்லை.

“எடி பிள்ளை, கொப்பர் இப்ப போன் எடுத்தவர். மயிலிட்டிச் சந்தியிலை எங்கை பொலிஸ் நிண்டதெண்டு உன்னட்டைக் கேட்டுச் சொல்லட்டாம். நான் உன்னோடை கதைக்கிறது அந்த மனுசனுக்கு எப்பிடியடி தெரியும்?”

மயிலிட்டிச் சந்தியில் என்ன, அந்த ரோட்டில் எங்கேயுமே இன்று காலை பொலிஸ் நிற்கவில்லை. தக்சாயினி சந்தியைத் தாண்டி வரும்போது அங்கே ஒரு ஈ காக்கைகூட இல்லை.

“நாளைக்கும் நிப்பினமாம் எண்டு சொல்லுங்கோ, அம்மா.”