கரையாத தொப்பை

பச்சைப் பெல்ட்டை இழுத்துப் பூட்டிப் பார்த்தார் கௌஸ். போன மாதம் பூட்டிய அதே துளைதான்.

"சோறு இல்ல, கிழங்கு இல்ல. வெறும் மீனும் கீரையும் தின்னுங்கூட இந்தத் தொப்பை அசைய மாட்டேங்குது. எதுக்கு இந்தப் பட்டினி? ஒரு பிடி சோறு போடு, முத்து."

"ஆரம்பத்துல மளமளன்னு இறங்குச்சுல்ல? இப்பக் கொஞ்சம் நின்னிருக்கு. அதுக்குள்ள மனச விட்டுடாதீங்க," என்று கெஞ்சினாள் மனைவி முத்து பீவி. "உங்க உசுரு முக்கியமில்லையா?"

அப்போது கதவு தடதடத்தது. மலாயாவைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியப் படையின் அதிகாரி ஒருவரும், அவருக்கு மொழிபெயர்க்கும் தமிழர் ஒருவரும் உள்ளே வந்தார்கள். கௌஸின் வயிற்றைப் பார்த்து அதிகாரி ஏதோ உறுமினார்.

"கோலாலம்பூர்ல இந்தப் பிரிக்பீல்ட்ஸே எலும்பும் தோலுமா இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏது இந்த வயிறு? அரிசிய எங்க பதுக்கியிருக்கீங்கன்னு ஆபீசர் கேக்குறாரு," என்றார் தமிழர்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் முத்து பீவி கணவரை இளைக்க வைக்கப் பாடுபட்டாள். பரண்மேல் விறகுக்குப் பின்னால் மூன்று மூட்டை அரிசி இருந்தது.

கௌஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். "இது கொழுப்பு இல்லண்ணே, வீக்கம். சோறில்லாம பெரிபெரி நோவு வந்திருச்சு."

"அல்லாஹ் மேல சத்தியமா, இவரு சோறு தின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு!" என்று அழுதாள் முத்து பீவி.

அதிகாரியின் முகம் இளகியது. ஏதோ சொல்லிவிட்டு வெளியேறினார்.

"வீக்கம் வடியுற வரைக்கும் வயிறாரச் சாப்பிடணுமாம். முகாம்லருந்து அரிசி அனுப்புவாங்க," என்று சொல்லிவிட்டுத் தமிழரும் பின்னால் ஓடினார்.

கௌஸ் தட்டோடு உட்கார்ந்தார்.

"சோறு போடு, முத்து. ராணுவ உத்தரவு!"