கூவாத பிரிண்ட்

பைத்தான் என்னும் கணினிமொழி பழகத் தொடங்கியிருந்த பூங்கோதையின் நிரலில், கடைக்கோடியில் ஒரு வரி தன்னந்தனியே காத்துக் கிடந்தது. பெயர்களை அகரவரிசையில் நிறுத்துவது அதன் பணி. ஆனால் அதற்கு மேலே நின்ற ரிட்டர்ன் வரி, வந்த பெயர்களையெல்லாம் வாயிற்காவலன்போல் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். கீழே ஒருவரும் இறங்கியதில்லை.

பெயர்கள் வரிசைப்படவில்லையே என்று பூங்கோதை இணையத்தில் உதவி கேட்டாள். “கடைசி வரிக்குக் கீழே ஒரு பிரிண்ட் கட்டளை போட்டுப் பாருங்கள்; நிரல் அதுவரை வந்தால் திரையில் எழுதிக் காட்டும்” என்று எவரோ எழுதினார்.

அவ்வாறே பிரிண்ட் வந்து சேர்ந்தது. “வணக்கம் அண்ணாச்சி! இங்கே ஆள் வந்ததும் கூவுவது என் வேலை. எப்போது வருவார்கள்?”

“அதைத்தான் நானும் நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன் தம்பி. இரு.”

நிரல் ஓடி முடிந்தது. ஒருவரும் வரவில்லை. பிரிண்டும் கூவவில்லை.

“வந்த காரியத்தைக்கூடச் செய்யவில்லையே. இனி என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?” என்று அது நாணியது.

“போய்விடாதே அப்பா. பேச்சுத்துணைக்காவது இரு” என்றது வரி.

பிரிண்ட் கூவாததே, நிரல் கடைசி வரியை எட்டவேயில்லை என்று பூங்கோதைக்கு உணர்த்திவிட்டது. வரியை ரிட்டர்னுக்கு மேலே ஏற்றி வைத்தாள், பிரிண்டை அழித்தாள்.

மறுமுறை பெயர்கள் திருவிழாக் கூட்டமெனத் திரண்டு வந்தன. வரி அவற்றை முறைப்படி நிறுத்தியது. பிறகு பெருமகிழ்ச்சியோடு கீழே திரும்பி, “தம்பி, வந்துவிட்டார்கள்! கூவு!” என்றது.

கீழே ரிட்டர்ன் மட்டும் நின்றது.