வாலைக் கண்டு உறுமிய நாய்

கொட்டகைக்குப் புதிதாக வந்த நாய் எருமைக்குப் பின்னால் படுத்திருந்தது. எருமை வாலைச் 'சுளீர்' என்று வீசியது. நாய் துள்ளி எழுந்தது.

"கர்ர்ர்ர்! இன்னொரு தடவை வீசினா வாலைக் கடிச்சுத் துப்பிருவேன்!"

"ம்ம்ர்ரே! கடிச்சுத்தான் பாரேன்!" எருமை பின்னங்காலைத் தூக்கியது. ஒரே உதையில் நாயின் தாடை பெயர்ந்திருக்கும்.

எருமையின் முதுகிலிருந்த காக்கைக்குக் கொண்டாட்டம். "கா! கா! ஓடியாங்க, சண்டை ஆரம்பிக்கப்போகுது! விடாதே அக்கா! கடி தம்பி!"

எருமை திரும்பிப் பார்த்தது. பல்லைக் காட்டிய நாயின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. தூக்கிய காலை எருமை மெதுவாகக் கீழே வைத்தது.

"ஏண்டா, நான் உன்னை என்னடா செஞ்சேன்?"

"அடிக்க வந்தியே! பழைய வீட்லயும் இப்படித்தான் சுளீர்னு சத்தம் வரும். உடனே என் முதுகுல பிரம்பு விழும்."

"அட மடப்பயலே, நான் ஈ ஓட்டினேன். உன் முதுகுலயும்தான் மொய்க்குது. ஓட்டட்டுமா?"

நாய் வெகுநேரம் யோசித்தது. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, வால் எட்டும் இடத்தில் வந்து நின்றது.

சுளீர்!

நாய் உறுமவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"சே! சண்டை அவ்வளவுதானா?" என்றது காக்கை.

"நீ சும்மா இரு," என்றது நாய். "அக்கா, காதுகிட்ட இன்னும் ஒண்ணு உட்கார்ந்திருக்கு."