நின்றுகொண்டே ஒரு பேச்சு

அமைச்சரின் அறைக்குள் நுழைந்ததும் தூதரின் கண்ணில் படுவது கம்பளத்தில் பதிந்திருக்கும் நான்கு குழிகள். நேற்றுவரை அங்கே ஒரு நாற்காலி இருந்திருக்கிறது. கடல் தாண்டி அவள் நாட்டிலிருந்து வந்த தூதர்கள் எல்லோரும், அவள் அப்பா உட்பட, அதில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார்கள். சுவர்ப் படங்களில் பழைய அமைச்சர்களோடு கைகுலுக்கிச் சிரிக்கிறார்கள். இன்றைய அமைச்சர் தலை நிமிராமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. "வேணும்னேதான் நாற்காலிய எடுத்திருக்காங்கம்மா, போயிடலாம்" என்று அவளோடு வந்த உதவியாளர் காதோரம் கிசுகிசுக்கிறார். ஆனால் கோபித்துக்கொண்டு கிளம்பினால் உறவு முறிந்தது என்று இவர்கள் அறிவித்துவிடுவார்கள். துறைமுகத்தில் பிடித்து வைத்திருக்கும் அவள் நாட்டு மாலுமிகளுக்காகக் கேட்க அப்புறம் நாதியில்லை. அவள் மேசையருகே போய் நிற்கிறாள்.

"எங்க பசங்கள எப்ப விடப்போறீங்க ஐயா?"

பேனா மூடி நிற்கிறது. "அதப் பேச ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டும். நான் நிக்கிறேன்."

மின்விசிறி கிறீச்சிடுகிறது. அவளை அண்ணாந்து பார்த்துப் பேசப் பிடிக்கவில்லையோ என்னவோ, கடைசியில் அமைச்சரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார்.