நின்று போகும் இடங்கள்

“ஏண்டா சின்னவா, இது மலைப் பயணமா, இல்ல உன் டயர் வியாபாரமா?”

நூலகர் கையிலிருந்த காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் போட்டார். வீசினார் என்றே சொல்லலாம்.

சின்னவன் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பது வயதாகியும் அந்த வீட்டில் அவன் சின்னவன்தான். டயர் கடை வைத்திருக்கிறான். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றும் வைத்திருக்கிறான். சனிக்கிழமை காலையில் கிளம்பி, காட்டுப் பாதையில் மலையேறி, வனத்துறை விடுதியில் தங்கி, ஞாயிறு மறுபக்கமாக இறங்குவது என்று ஏற்பாடு.

மனைவி வருகிறேன் என்றதே பெரிய விஷயம். வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து எட்டு மாதம். கைத்தடியோடு வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறாள். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கே கூப்பிட்டாலும், “நீங்க போய்ட்டு வாங்க” என்பாள். நூலகர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அசையவில்லை.

திங்கட்கிழமை சின்னவன் வந்து கூப்பிட்டான். உடனே சரி என்றுவிட்டாள். நூலகருக்குச் சந்தோஷம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் புகைந்ததும் உண்மை.

“இதுல அருவி எங்கே?”

“அருவி வேணாம் அத்தான்.”

“காட்சிக் கோபுரம்?”

“அதுவும் வேணாம். படி ஜாஸ்தி.”

“உங்கக்கா வண்டியிலேயே உட்கார்ந்திருக்கட்டும். நாம ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.”

சின்னவன் ஜீப் சாவியை விரலில் சுற்றினான்.

“சரி, நீ எழுதியிருக்கிறதைப் பாரு. அடிவாரத்துல பெட்ரோல் பங்க், அரை மணி. அடுத்து மரக்கிடங்கு ஆபீஸ், அரை மணி. அதுக்கு மேலே தேயிலை ஃபேக்டரி, அப்புறம் செக்போஸ்ட். இதையெல்லாம் பார்க்கவா மனுஷன் மலைக்குப் போவான்? நாலு இடத்துலயும் லாரி வந்து நிக்கும். டயர் தேயுற இடமாப் பொறுக்கி எடுத்திருக்கே.”

“அங்கெல்லாம் காப்பி நல்லா இருக்கும் அத்தான்.”

“மரக்கிடங்குலயா?”

சின்னவன் மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தான். “டயர்ல காத்து இருக்கான்னு பார்த்துட்டு வரேன்” என்று கீழே நழுவிவிட்டான்.

காகிதத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. நூலகருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். படுக்கையறையில் மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பால்கனிக்குப் போய்ப் பெட்ரோல் பங்க் நம்பரை அழுத்தினார்.

“டயர் கடைக்காரர் வீட்டுலேர்ந்து பேசறேன்.”

“சனிக்கிழமை வர்றவங்கதானே சார்? சொல்லுங்க.”

“அவர்கிட்ட எத்தனை டயர் கேட்டிருக்கீங்க?”

“டயரா? அதைப் பத்திப் பேச்சே வரலையே சார். போன ஞாயித்துக்கிழமை வந்தார். லேடீஸ் டாய்லெட்டைப் பார்க்கணும்னார். நான்கூட ஒரு மாதிரி நினைச்சுட்டேன்.”

நூலகர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அவங்கக்காவுக்கு இடுப்புல ஆபரேஷனாம், கீழே குந்த முடியாதாம். உள்ளே போய் அவரே உட்கார்ந்து, எழுந்து பார்த்தார். வெஸ்டர்ன் டாய்லெட்தான், உசரம் சரியா இருக்கு, பிடிச்சு எழத்தான் ஒண்ணுமில்லைன்னார். திரும்பக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கைப்பிடி வாங்கிட்டு வந்து, சுவத்துல துளை போட்டு மாட்டினார். தொங்கிக்கூடப் பார்த்தார் சார். சனிக்கிழமை கழுவிவிட்டு, சாவியை என்கிட்டயே வச்சிருப்பேன். அம்மாவைத் தைரியமா வரச் சொல்லுங்க.”

மற்ற மூன்று நம்பர்களையும் அவர் அழைக்கவில்லை. காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். ஓர் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம், கூடிப்போனால் ஒன்றேகால்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். டாக்டரைப் பார்க்கப் பயப்படுகிறாள் என்று இத்தனை நாளாக அவர் கேலி செய்துகொண்டிருந்தார்.

கீழே இறங்கிப் போனார். சின்னவன் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“கடையை அடைச்சிட்டு மலை முழுக்க இதுக்காகவா அலைஞ்சே?”

சின்னவன் நிமிர்ந்தான். அவர் கையிலிருந்த போனையும் முகத்தையும் பார்த்தான். கூச்சத்தில் தலையைச் சொறிந்தான்.

“அருவிகிட்டயும் கோபுரத்துகிட்டயும் தேடினேன் அத்தான், கிடைக்கலை. இந்த நாலுதான் தேறிச்சு. அக்காகிட்ட கேலியா எதுவும் சொல்லிடாதீங்க, வரமாட்டேன்னுடுவா.”

நூலகர் குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கையெல்லாம் கிரீஸ் அத்தான்.”

“இருக்கட்டும்டா.”

அவர் கையை விடவில்லை. கடைசியில் கேட்டுவிட்டார்.

“கட்டின புருஷன் நான். எட்டு மாசமா என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட மட்டும் எப்படிடா சொன்னா?”

“அக்காவா ஒண்ணும் சொல்லலை அத்தான்,” என்றான் சின்னவன். “ஏன் வரமாட்டேங்கிறேன்னு நான்தான் கேட்டேன்.”