மேட்டுக்கு ஒரு பஞ்சர்

"மறுபடியுமா? உங்க சைக்கிளுக்குச் சக்கரம் மாட்டியிருக்கா, சல்லடை மாட்டியிருக்கா?"

டிரைவரம்மா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார். அவருடைய கணவர் தம் சைக்கிளைச் சாலையோரம் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தார். முன் டயர் சப்பையாகப் படுத்திருந்தது.

"நான் என்னடி பண்ணுவேன்? ரோடு பூரா கல்லு."

"ஆயுசு பூரா பஸ் ஓட்டின மனுஷன். ஒரு சைக்கிள் டயரைப் பார்த்துக்கத் துப்பில்லை!"

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அதனால் கூட வந்த கூட்டத்துக்கே அவர் டிரைவர், மனைவி டிரைவரம்மா. அவர்கள் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மலை உச்சியில் இருந்த இதய ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்ட நிதி திரட்டும் சைக்கிள் பயணம் அது. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் பள்ளத்தாக்கு நிறைய மேகம். பார்க்கக் கண் கோடி வேண்டும்தான், ஆனால் மேடு ஏறுகிறவனுக்குக் கண்ணா முக்கியம்? நல்ல மூச்சு இருந்தால் போதும்.

பயணத்தில் ஒரு விஷயம் கறார். சாலை குறுகல் என்பதால், தண்ணீர் கொடுக்கும் இடங்களைத் தவிர வேறெங்கும் இளைப்பாற நிற்கக் கூடாது. முடியாதவர்கள் பின்னால் வரும் வேனில் ஏறிவிட வேண்டும். ஏறினால் ஏறினதுதான், மறுபடி சைக்கிளைத் தொட முடியாது. சைக்கிள் பழுதானால் மட்டும் நிற்கலாம், கூட வரும் ஜோடியும் நிற்கலாம்.

டிரைவரம்மாவுக்குப் போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் போன வாசலுக்கு அடுத்த தடவை சைக்கிள் மிதித்து வருவேன் என்று அங்கிருந்த நர்சுகளிடம் சவால் விட்டுவிட்டு வந்திருந்தார். வேனில் போய் இறங்கினால் மானம் கப்பலேறிவிடும் என்று வழி நெடுக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

வேனிலிருந்து மெக்கானிக் பம்பும் தண்ணீர் வாளியுமாக இறங்கி வந்தார். டிரைவரம்மா அங்கிருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மெக்கானிக், டிரைவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, ஒரு குமிழிகூட வரலையே."

"நல்லாப் பாருப்பா."

"காலையிலேருந்து இதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்? ட்யூப் கல்லு மாதிரி இருக்கு. வால்வைத்தான் யாரோ தளர்த்தி விட்டிருக்காங்க."

டிரைவர் மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதே. நான்தான். தண்ணி குடிக்க நிக்கிற இடத்துல லேசாத் திருகி விட்டுடுவேன். பாதி மேட்டுல காத்து இறங்கிடும்."

"எதுக்குண்ணே இந்த வேலை?"

"அவளுக்கு மூச்சு வாங்குதுப்பா. கொஞ்சம் உட்காருன்னு சொன்னாக் கேக்குற ஆளா அவ? வேன்ல ஏத்தினா அழுது தீர்த்துடுவா. என்னைத் திட்டுற சாக்குலயாவது உட்காரட்டுமே."

மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது. அவரும் வீட்டில் திட்டு வாங்குகிறவர்தான். ஆனால் இவ்வளவு நல்ல காரணத்துக்காக ஒரு நாளும் வாங்கியதில்லை.

"பெரிய ஓட்டைக்கா!" என்று உரக்கச் சொன்னார். "ஒட்டிக் காய வைக்கணும். கொஞ்ச நேரம் ஆகும்."

"இவரு ஓட்டினா ஓட்டை விழாம என்ன செய்யும்?" என்ற டிரைவரம்மா, சுவரில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

கடைசி மேடு. வளைவுக்கு மேலே ஆஸ்பத்திரி வாசல் தெரிய ஆரம்பித்திருந்தது. பாதி ஏறியதும் இருவரும் மறுபடி நின்றார்கள். இந்தத் தடவை காற்று போயிருந்தது டிரைவர் சைக்கிளின் பின் சக்கரத்தில்.

மெக்கானிக் குனிந்து கண்ணடித்தார். "என்னண்ணே, பின்னாடியும் கை வச்சாச்சா?"

டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சிரைக்க இரைக்கப் பேசினார்.

"சத்தியமா நான் இல்லப்பா. முன் சக்கரத்தைத் தவிர வேற எதையும் நான் தொடலை. இது நிஜப் பஞ்சர்தான். வாசல் தெரியுற நேரத்துல பாரு, என் கெட்ட நேரம்."

மெக்கானிக் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

குழப்பத்தோடு நிமிர்ந்தவரின் பக்கத்தில் டிரைவரம்மா வந்து குந்தினார். கணவருக்குக் கேட்கும்படி, "நல்லாப் பாருங்க தம்பி, இந்த மனுஷனை நம்பி வந்தேன் பாருங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு வாளிப் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"இதுலயும் பெரிய ஓட்டைன்னே சொல்லிடுங்க தம்பி. அவருக்கு ரொம்ப மூச்சு இளைக்குது, ஆனா நில்லுங்கன்னா கௌரவம் பார்ப்பாரு. முன் சக்கரத்தை அவரு திருகி விடுறதைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் இதைக் கத்துக்கிட்டேன்."